வெட்டு விழாத முகம்

எனக்குத் தொழில் பல் செட்டு செய்வது. டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கல்யாண வீடுகளில் பந்தி நடக்கும்போதே என்னிடம் வாயைப் பிளந்து காட்டுகிறவர்கள் அநேகம். டாக்டர்கள் வாயில் அளவு எடுத்து அனுப்புவார்கள். நான் சேந்தமங்கலத்தில் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து, அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல்லாகவோ தங்க உறையாகவோ வார்த்துத் திருப்பி அனுப்புவேன். சுற்று வட்டாரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு என் கைவேலை. வீட்டில் பானுமதியைச் சிரிக்கவைக்கும் முயற்சி மட்டும் இருபது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

கார்த்திகை பிறந்த வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில், கோகிலவாணி குனிந்து உள்ளே வந்தாள். கொல்லிமலையில் வாசலூர்பட்டியைத் தாண்டி ஒரு சின்ன ஊர் அவளுக்கு. இரண்டு வருஷம் முந்தி அவளுடைய மாமியார் பாவாயிக்கு நான் பல் செட்டு செய்திருந்தேன். அந்த அளவை மறக்க முடியாது. பாவாயி யாருக்கும் நேராக முகம் காட்டமாட்டாள். டாக்டர் முன்னால் வந்து நின்றால் அவள் கழுத்து தானாக ஒரு பக்கம் போய்விடும். கடைசியில் பக்கவாட்டில் நின்றே அளவு எடுத்தார். அன்று செட்டு கொடுக்க டாக்டரிடம் போய் அருகில் நின்ற நான், என்மேல்தான் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பெண்கள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

கோகிலவாணி ஒரு துணி முடிச்சை மேசைமேல் வைத்து அவிழ்த்தாள். உள்ளே வறட்டி மாதிரி காய்ந்து, புகையில் கறுத்துப்போன ஒரு மாவு வில்லை. உள்ளங்கை அகலம். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஒரு ஆளின் தலை, பக்கவாட்டில்.

"பல்லுக்கு அச்சு வச்சுச் செய்யறீங்கல்லங்ணா. இதையும் அப்படிச் செஞ்சு குடுங்க. பவுன்ல."

அவள் அழுதுகொண்டே சொன்னதை நான் கோர்த்துச் சொல்கிறேன். அவர்கள் ஊரில் பத்தொன்பது வீடு. ஊருக்குப் பொதுவாக ஒரு பழைய பொற்காசு. அதற்கு ராசா என்று பெயர். வருஷத்துக்கு ஒரு வீடு முறை வைத்து அதைக் காவல் காக்கும். மூங்கில் குழாயில் போட்டு மூடிவைக்க வேண்டும். காவல் வீட்டுக்காரர்கள் காசில் உள்ள முகத்தைப் பார்க்கக்கூடாது. மலையை விட்டுக் கீழே கொண்டுபோகவே கூடாது. தினை அறுப்பு முடிந்ததும் ஒரு நாள் பூசாரி அதை எடுத்து, தேன் விட்டுப் பிசைந்த தினைமாவில் வீட்டுக்கு ஒரு வில்லை அழுத்திக் கொடுப்பார். அந்த வில்லை அடுத்த வருஷம்வரை அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்துக்கொண்டு இருக்கும்.

இந்த வருஷம் முறை கோகிலவாணி வீட்டுக்கு. ஆவணியில் மகள் தேன்மொழிக்கு விடாத காய்ச்சல். ரத்தத்தில் தட்டு அணு இறங்கிக்கொண்டே போகிறது, நாமக்கல்லுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். இவள் புருஷனுக்குத் தெரியாமல் ராசாவை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிவிட்டாள். நான்கு நாள் காசு குழந்தையின் தலையணைக்கடியில் இருந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இல்லை, காசும் இல்லை.

"தொலைச்ச ஊட்டுக்கு முறை போயிருமுங்ணா. முறை போனா எங்க ஊட்டுச் சாவுக்குக்கூட ஆள் வராது. எம்புள்ளைக்கு ஏழு வயசு. அவ அங்கதான வளரணும்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எட்டு நாளில் முடித்துவிடலாம் என்று வந்தது. என் வாய்க்கு மட்டும் எனக்கே செட்டு சரியாக அமையவில்லை.

பவுனுக்கு அவள் தோட்டைக் கழற்றி வைத்தாள். போதாது. காசு கிட்டத்தட்ட ஒரு பவுன் எடை இருந்திருக்கும். மீதிக்கு என்னிடம் ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது. பழைய தங்க உறையைக் கழற்றிப் புதிது போட்டவர்கள், போட்ட பிறகு செத்துப்போனவர்கள், திருப்பிக் கேட்க மறந்தவர்கள் ஆகியோருடைய பங்களிப்பு. அதைத் தட்டில் கொட்டினேன். ராசாவின் மூக்கு யாருடைய கடைவாய்ப் பல் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மாவு அச்சில் முகம் இடப்பக்கம் பார்த்திருந்தது. அப்படியானால் காசில் வலப்பக்கம். தலையில் இலை மாலை, நீளக் கழுத்து, கூரான மூக்கு, சுற்றிலும் அந்நிய எழுத்து. போட்டோ எடுத்து ராசப்பன் சாருக்கு அனுப்பினேன். வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். மேல் செட்டு நான் செய்தது. அரை மணியில் பதில் வந்தது. ரோமாபுரி ராஜா, பெரும்பாலும் டைபீரியஸ். மிளகு வாங்க வந்த கப்பல்களில் இந்தத் தலை நம் நாட்டுக்கு நிறைய வந்திருக்கிறது. பின்பக்கம் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் கோலும் ஒரு கையில் கிளையுமாக இருப்பாள். அந்தப் பெண்ணை நான் மெழுகில் என் கையாலேயே செதுக்கினேன். முடிந்தபின் பார்த்தால், கறிவேப்பிலை வாங்காமல் வந்த நாளில் பானுமதி உட்கார்ந்திருக்கும் தோரணை அப்படியே வந்திருந்தது.

முன்பக்கத்தில் ஒரு சின்னக் குறை. ராஜாவின் கன்னத்துக்குக் குறுக்கே மாவு ஒரு வரப்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அச்சில் இப்படி மடிப்பு விழுவது எனக்குத் தினசரி விஷயம். டாக்டர் கை நடுங்கினால் விழும், நோயாளி எச்சில் விழுங்கினால் விழும். கத்தியை எடுத்து அந்த வரப்பைச் சீவி, கன்னத்தை வழவழப்பாக்கினேன். யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது. பதினெட்டு வருஷப் பழக்கம்.

சுழற்றி வார்க்கிற மிஷின் நின்றதும், அச்சை உடைத்து, காசைத் தண்ணீரில் போட்டு எடுத்தேன். நல்ல வெயில் நேரம். மெருகு கொடுக்கும்போது ஒன்று கவனித்தேன். பிளாஸ்டரில் ராஜாவின் கண் ஒரு கோடு. தங்கத்தில் அது கண்ணாக இருந்தது. இமை இருந்தது, மணி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அப்போதும் இருந்தது. கண்ணாடி நம்பரை மாற்ற வேண்டும் என்று டைரியில் எழுதிவைத்தேன். பயப்படுவதற்குப் பதிலாக நான் செய்கிற காரியங்கள் எல்லாம் இந்த ரகம்.

அன்று சாயங்காலம் ராசப்பன் சார் இன்னும் நாலு படம் அனுப்பினார். வேறு இடங்களில் கிடைத்த ரோமக் காசுகள். ஒவ்வொன்றிலும் ராஜாவின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இந்த நாட்டில் கிடைக்கும் பல காசுகளில் இப்படி உண்டு, காரணம் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள், காசாகப் புழங்காமல் செய்வதற்கு என்பது ஒரு கட்சி என்று கீழே எழுதியிருந்தார். நான் படங்களைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். என் காசு இவற்றைவிட நன்றாக இருந்தது.

கோகிலவாணி வந்து, கண்ணை மூடிக்கொண்டு காசை வாங்கி, மூங்கில் குழாயில் போட்டு மூடினாள். சாமி கும்பிட வாருங்கள் என்று கூப்பிட்டாள். மரியாதைக்குத்தான் கூப்பிட்டாள், என் வேலையை ஊரே கையேந்தி வாங்குவதைப் பார்க்கிற ஆசையில் நான் போனேன்.

காலை பஸ்ஸில் எழுபது வளைவும் ஏறி, சோளக்காட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. மஞ்சு கலைந்து வெயில் விழுந்திருந்தது. சாமி என்று தனிக் கோயில் இல்லை. ஒரு பலாமரம், அடியில் நட்ட கல், முன்னால் பலகை. கோகிலவாணியின் புருஷன் யுவராஜ் மிளகுக்கொடிகளுக்கு நடுவில் தப்பட்டையைத் தீயில் காட்டி முறுக்கேற்றிக்கொண்டிருந்தான். ஒன்றும் தெரியாத, கலகலப்பான மனுஷன். மரத்தடியில் அவன் அம்மா பாவாயி வழக்கம்போல யாருக்கும் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குச் செட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முறுக்கே கடிக்கிறாள் என்றான். கழுத்துக்கு ஏதாவது வைத்தியம் பார்த்தீர்களா என்றும் கேட்டுவைத்தேன்.

"கழுத்துல ஒண்ணுமில்லீங்க. சின்னப் புள்ளையா இருக்கைல வில்லைல ராசா திரும்பிப் பாத்துட்டாரு. அவரு இந்தப் பக்கம் திரும்புனா நாம அந்தப் பக்கம் திரும்பிக்குவோம். அப்பறம் நேராகாது."

சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு, எல்லா வருஷமும் அப்படி ஆகாது, பயப்படாதீர்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னான். அந்த வருஷம் காசின் வெட்டில் தேன் அடைத்துக்கொண்டதாம். மாவில் வெட்டு விழவில்லையாம்.

என்ன வெட்டு என்று கேட்டேன்.

"மொகத்துக்குக் குறுக்க இருக்குமுங்களே. மாவுல வரப்பாட்டம் வருமே. அது அவரைத் திரும்ப உடாது."

நான் கத்தியால் சீவி எறிந்த வரப்பு அது. சொல்லியிருக்கலாம். கோகிலவாணியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், மூடநம்பிக்கை என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

பூசாரி அருணாசலத்துக்கு எழுபதுக்கு மேல். இரண்டு கண்ணிலும் புரை. விருந்தாளிக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று என்னைப் பலகைக்கு இடப்பக்கம் உட்காரவைத்தார். அவர் அழுத்துகிற ஒவ்வொரு வில்லையையும் நான் ஒரு பலா இலையால் மூட வேண்டும். பத்தொன்பதும் முடிந்த பிறகுதான் திறப்பார்கள். வீட்டுக்கு வீடு கடைசிப் பிள்ளை வந்து கையேந்தி வாங்கும். காவல் வீட்டுக்குக் கடைசி வில்லை. அதற்காகத் தேன்மொழி, எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலையோடு, கைகளை இப்போதே குவித்துக்கொண்டு அம்மா முன்னால் நின்றாள்.

யுவராஜ் தப்பட்டை அடித்தான். அருணாசலம் குழாயைக் கவிழ்த்துக் காசை எடுத்து முதல் வில்லையில் அழுத்தினார். எடுத்ததும் பார்த்தேன். பக்கவாட்டு முகம், சுத்தமான கன்னம். வரப்பு இல்லை. ஆனால் முகம் இருந்த இடத்தில்தான் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. இலையை வைத்தேன்.

நாலாவதில் மூக்கு கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. கிழவர் கை சாய்ந்திருக்கும்.

ஏழாவதில் மூக்குக்கு அந்தப்பக்கம் ஒரு மேடு. தேன் அதிகமானால் மாவு இளகும்.

பத்தாவதில் அது கன்னம். அதற்குமேல் நான் காரணம் எதையும் தேடவில்லை. பன்னிரண்டாவதில் இரண்டாவது புருவம் வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு ஆள், யாரோ தன்னைப் பின்னாலிருந்து பார்ப்பதை உணர்ந்து மெதுவாகத் திரும்புவானே, அப்படி. அவசரமே இல்லை. நான் இலைகளை வைத்துக்கொண்டே போனேன். பத்தொன்பதிலிருந்து கழித்துக் கழித்துப் பார்த்தேன். இந்த வேகத்தில் போனால் கடைசி வில்லையில் அவர் முழுசாக நேரே பார்ப்பார். கடைசி வில்லை தேன்மொழியின் கையில்.

பதினாறாவதை மூடும்போது பாவாயி பேசினாள். பலகைக்கு அந்தப்பக்கம், தோளை எனக்குக் காட்டி உட்கார்ந்து, கடைக்கண்ணால் வில்லையைப் பார்த்தபடி. நான் செய்த பற்கள் லேசாக ஒன்றோடொன்று தட்டின.

"வெட்டு எங்க?"

தப்பட்டை நின்றது. கோகிலவாணி என்னைப் பார்த்தாள். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, என் வாழ்க்கையிலேயே மோசமான பொய்யைச் சொன்னேன்.

"தேன் அடைச்சிருக்குங்க."

அருணாசலம் என்னை நம்பினார். காசை வேட்டி ஓரத்தில் நன்றாகத் துடைத்தார். வானத்துக்கு நேரே தூக்கி, தெரியாத கண்ணால் ஒரு தரம் பார்த்தார். பதினேழாவதை அழுத்தி எடுத்தார்.

இரண்டு கண்ணும் இருந்தன. மூக்கு மட்டும் ஒரு நூல் அளவு ஒதுங்கியிருந்தது. என் கையில் இலை இருந்தது, மூடத் தோன்றவில்லை. தேன்மொழி எட்டிப் பார்க்க ஒரு அடி முன்னால் வந்தாள். கோகிலவாணி அவளைத் தோளில் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, தான் குனிந்து வில்லையைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நிமிர்ந்து அருணாசலத்திடம் சொன்னாள்.

"நிறுத்துங்க மாமா. இது அது இல்லீங்க. நாந்தான் கீழ கொண்டுபோனேன், நாந்தான் தொலைச்சேன். இது செஞ்சது."

யுவராஜ் தப்பட்டையைத் தோளிலிருந்து கழற்றித் தரையில் வைத்தான். இனி என்னைத்தான் தேடுவார்கள், பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று யோசித்தேன்.

அருணாசலம் காசை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, செய்தது பற்றி ஒன்றுமில்லை என்பதுபோல் கையை அசைத்தார். தொலைந்துபோனதும் அவர் அப்பா காலத்தில் சேலத்தில் அடித்ததுதானாம். அதற்கு முந்தி கொஞ்ச காலம் பித்தளையில் ஒன்று இருந்ததாம். அசல் ராசாவை யாரும் பார்த்ததில்லை.

"செஞ்சது சரி. வெட்டாம ஏன் கொண்டாந்தே கண்ணு?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்புறம் நானாகவே கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

செய்த கைதான் வெட்ட வேண்டும் என்றார்கள். ஒரு உளியும் கல்லும் கொண்டுவந்தார்கள். காசை நட்ட கல்மேல் வைத்தார் அருணாசலம். குனிந்தேன். நான் பக்கவாட்டில் வார்த்த முகம். என் கண்ணாடிக்குள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபம் எல்லாம் இல்லை. என்னை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசிக்கிறவர் முகம் மாதிரி இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. முதல் அடி என் கட்டைவிரலில். இரண்டாவது அடி இரண்டு கண்ணுக்கும் நடுவில் இறங்கியது. பல் பிடுங்கி முடித்ததும் நாற்காலியில் இருப்பவர் விடுவாரே ஒரு மூச்சு, அந்தச் சத்தம் கேட்டது. நான் விட்டதாகவும் இருக்கலாம்.

பதினாறு வில்லைகளையும் மீதி மாவையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து, மறுபடி அழுத்தினார்கள். முகம் பக்கவாட்டில் விழுந்தது. வரப்பு காதுக்குக் கீழே, கன்னத்துக்குக் குறுக்கே இருந்தது. நான் வெட்டிய இடம் அது இல்லை.

பதினேழாவது வில்லையை மட்டும் அருணாசலம் தொடவிடவில்லை. பார்த்த முகத்தைப் பிசையக்கூடாதாம். கொண்டுவந்த வீடு அதை ஏற்றுக்கொண்டு, கழுத்து திரும்பிவிடாமல் முகத்துக்கு முகம் பார்த்துத் தீர்க்க வேண்டும். தீர்த்தால் அந்த வீட்டுக்கு முறை நிலைக்கும். இல்லையென்றால் இல்லை.

யுவராஜ் ஒரு அடி வைத்தான். பாவாயி உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டி அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

செய்தது நான்தானே, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். யாருக்கும் கேட்காத அளவில் சொல்லத்தான் முயன்றேன். கோகிலவாணிக்குக் கேட்டுவிட்டது.

"உங்களால ஆவாதுங்ணா. நீங்க யாரு கண்ணையும் பாக்கறதில்லை. வாயத்தான் பாப்பீங்க."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது. நான் அப்போதும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் மகளை என் பக்கம் தள்ளிவிட்டு, வில்லையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். குனிந்தாள். பார்த்தாள். ஊரே அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு நரம்பு புடைத்தது. தலை மெல்ல, மிக மெல்ல, வலப்பக்கம் போகத் தொடங்கியது. யாரோ தாடையில் விரல் வைத்துத் திருப்புவதுபோல. அவள் இரண்டு கையாலும் தன் முகத்தையே பிடித்து நேராக்கிக்கொண்டாள். மறுபடி போனது. மறுபடி நேராக்கினாள். உதடு அசைந்தது. வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்ததால் கேட்டது: நான்கு நாள் ஆஸ்பத்திரியில் நடந்ததை ராஜாவிடம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை பாட்டில் ஏறியது, எந்த நர்ஸ் நல்லவள், எப்போது குழந்தை கஞ்சி கேட்டாள், எல்லாம்.

பலகைமேல் இருந்த வெயில் நகர்ந்து புல்லுக்குப் போய்விட்டது. அவ்வளவு நேரம்.

பிறகு அவள் நிமிர்ந்தாள். பாவாயியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அருணாசலத்தைப் பார்த்தாள். ஒவ்வொருவரையும் நேராக. அருணாசலம் தலையை ஆட்டிவிட்டு, மீதி வில்லைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். யாரோ குலவையிட்டார்கள். நான் என் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன்.

தேன்மொழி என் கையை உதறிவிட்டு ஓடி, அம்மாவின் மடியில் எட்டிப் பார்த்தாள். தடுக்கப் போன நானும் பார்த்துவிட்டேன். பள்ளத்தில் முகம் இல்லை. பின்னந்தலை இருந்தது. இலை மாலையைக் கட்டிய நாடா முடிச்சுப் போட்டு, இரண்டு முனையும் பிடரியில் தொங்கின.

"இவரு எங்கம்மா போறாரு?"

"தெரியல சாமி" என்றாள் கோகிலவாணி. "போய்க் கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."